வத்தல் மூட்டையும் ட்ரெபிள் பாயும்

விலை ஏறட்டும் என்று வத்தலைப் பதுக்கியவர்கள் விருதுநகரில் நிறைய உண்டு. பாட்டு நன்றாகக் கேட்கட்டும் என்று பதுக்கிய ஒரே மனிதர் எங்கள் ட்ரெபிள் பாய்தான். அவர் வீட்டு மாடியில் குடியிருந்த பாவத்துக்கு நான் தும்மிய தும்மல் ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

பாய் மிளகாய் வத்தல் வியாபாரி. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் புது வீடு கட்டியபோது, ஹாலில் தரையிலும் சுவரிலும் பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார். அது அவர் மனைவி ஆமினாம்மாவின் ஆசை. மூலையில் ஒரு ஸ்டீரியோ செட் வைத்தார். அது பாயின் ஆசை. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

"தம்பி, இங்கன வாங்க. காதுல ஊசி ஏத்துதா இல்லையா?" என்பார்.

ஏற்றத்தான் செய்தது. கீச்சென்ற சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் திருகை ஓயாமல் திருகித் திருகியே ஊரில் அந்தப் பேர் வாங்கினார், வயரை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார், கடைசியில் செட்டையே மாற்றினார். மதுரைக்குப் போய்க் காது டாக்டரையும் பார்த்தார். காதில் கோளாறு இல்லை என்றதும் மனுஷன் இன்னும் இடிந்துபோனார். "காதும் சரி, செட்டும் சரின்னா நான் எங்கன போய் முட்டிக்கிட?" என்று என்னிடம் கேட்டார். நானா டைல்ஸ் ஒட்டினேன்?

ஒரு மழைக்குக் குடோன் ஒழுகியது. வத்தல் மூட்டைகளைக் கொண்டுவந்து ஹாலில் சுவரோரமாக அடுக்கினார்கள். அன்று சும்மா பாட்டைப் போட்ட பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டைல்ஸில் பட்டுத் திரும்பிக் காதைக் குத்திய சத்தத்தையெல்லாம் மூட்டைகள் விழுங்கிவிட்டன.

குடோன் காய்ந்தது. மூட்டைகள் நகரவில்லை. விலை ஏறியதும் தரகர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பாய், இப்பத் தள்ளிவிட்டா அம்புட்டும் லாபம்!"

"இது விக்கிற சரக்கு இல்லப்பா. பாட்டு கேக்குற சரக்கு."

தரகர் என்னைப் பார்த்தார். நான் தும்மினேன். விலை இறங்கியது. ஆமினாம்மா இருமிக்கொண்டே இருந்தார்.

"பஞ்சு மெத்தையை அடுக்கினா ஆகாதா பாய்?" என்று கெஞ்சினேன்.

"பாத்தாச்சு தம்பி. பாட்டு போத்திக்கிட்டுத் தூங்குது."

அந்தச் சமயத்தில்தான் பாயின் ஒரே மகளைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. ஆமினாம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாய் முன்னால் வந்து நின்றார்.

"வர்றவுக கண்ணுல தண்ணியோடயா நம்ம பிள்ளையப் பாக்கணும்? மூட்டையா, கல்யாணமா? நீங்களே சொல்லுங்க."

பாய் அன்றே தரகருக்கு ஆள் அனுப்பினார். தரகர் சொன்ன விலைக்கு மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. மகளும் இல்லை, மூட்டையும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்தால்கூட ஹால் 'ணங்'கென்றது. பாய் செட்டைத் துணி போட்டு மூடிவிட்டார். "இனிமே எதுக்குத் தம்பி?" என்று காதைப் பொத்தியபடி உட்கார்ந்திருப்பார். நெடி போன வீட்டில் எனக்கே மூச்சு முட்டியது என்றால் நம்புவீர்களா?

ஒரு நாள் வாசலில் லோடு வண்டி வந்து நின்றது. ஆமினாம்மா பக்கத்தில் நின்று ஆட்களை விட்டு வத்தல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். பாய் பதறி ஓடினார்.

"ஒனக்கு இருமுமே!"

"இருமிட்டுப் போறேன். பிள்ளையும் இல்லாத வீட்டுல நீங்களும் காதப் பொத்திக்கிட்டு உக்காந்தா, நான் யார்ட்டப் பேச? ஏப்பா, அந்தச் செவத்தோரம் அடுக்குங்க."

அன்று சாயங்காலம் பாட்டு மெல்ல மாடியேறி வந்தது. பின்னாலேயே நெடி வந்தது, ஆமினாம்மாவின் இருமலும் வந்தது. நான் நிம்மதியாகத் தும்மினேன்.