ஏழாவது தந்தியும் சிவப்பிப் பசுவும்

இனிமேல் ஆறு தந்திக் கிற்றாரில் விரல் வைப்பதில்லை என்று தில்லைநாதன் சபதம் போட்டான். போட்ட இடம் மாட்டுக்கொட்டில். சாட்சி சிவப்பிப் பசு. பாவம், அவன் நாடு கடத்த நினைத்திருப்பது தன்னைத்தான் என்று அதற்குத் தெரியாது.

விசயம் இதுதான். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் பகல் முழுக்க வயல் செய்கிற தில்லைநாதன், பொழுதுபட்டால் கலைஞன். ஊர் இன்னிசைக் குழுவில் மின்சாரக் கிற்றார் அவனுடைய பொறுப்பு. வவுனியாவில், கப்பல் வேலை முடித்து வந்த ஒருவரிடம் ஏழு தந்தி பூட்டிய கிற்றார் இருந்தது. ஒரு பால்மாடு தந்தால் அதைத் தருகிறேன் என்றார் மனுசன். அம்மன் கோயில் பொங்கலில் வாசித்துப் பார்க்கும்படி கையிலே கொடுத்தும் விட்டார்.

"ஆறிலை வராத என்ன சத்தம் உந்த ஏழாவதிலை வரப்போகுது?" குசினிக்குள் அடுப்பு ஊதிக்கொண்டே கேட்டாள் மனைவி சிவனேஸ்வரி.

"உமக்கென்ன தெரியும்? அடிச்சத்தம்! இடி முழங்கின மாதிரி வரும்!"

"இடி முழங்கினால் ஆரப்பா பாட்டுக் கேக்கிறது? சனம் வீட்டுக்கெல்லோ ஓடும்."

"தந்தி கூடினால் விரலுக்கு வேலை கூடும். வித்தை கூடும்."

"இருக்கிற ஆறுக்கும் உங்கடை விரல் காணாமல் தடவுது. சிவப்பிக்கு முலை நாலு. நாலிலையும் பால் வருது. அஞ்சாவது வேணுமெண்டு அது ஒருநாளும் கத்தினதில்லை."

கலையையும் மாட்டையும் ஒரே கட்டையில் கட்டுகிறாளே! இதைக் கேட்டுக்கொண்டு ஒரு கலைஞன் எப்படிப் பொறுப்பான்? தில்லைநாதனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"இஞ்சாரும், கோயில் பொங்கலுக்கு வந்து கேளும். ஊரே மெச்சும்."

"ஊர் வேண்டாம். எங்கடை கோயில் தலைவர் நல்லதம்பியர் ஒருக்கால் வாய் திறந்து நல்லது எண்டு சொல்லட்டும். மாட்டை அவிட்டுக்கொண்டு போங்கோ."

நல்லதம்பியரா? அம்மன் நேரிலே தோன்றி வரம் கொடுத்தாலும், "கொஞ்சம் பிந்திப்போச்சே தாயே" என்று குறை சொல்லக்கூடிய ஆள்! இருந்தாலும் ஆம்பிளை பின்வாங்கலாமோ? "ஓம்" என்றுவிட்டான். பெண்புத்தி பின்புத்திதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

பொங்கலன்று பூசை முடிந்த கையோடு மேடை ஏறினார்கள். மைக்செற் கணபதியுடையது. கணபதி சிவனேஸ்வரியின் கூடப்பிறந்த தம்பி. மச்சான் இருக்கும்வரை சத்தத்துக்குக் குறைவில்லை என்று தில்லைநாதன் நம்பினான். எல்லா வாத்தியமும் கணபதியின் பெட்டிக்குள் போய், புளியமரத்தில் கட்டிய லவுட்ஸ்பீக்கரால் சனத்தின் பக்கம் வெளியே வரும். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமும். காதடியில் டிறம் அதிரும். மேடையில் நிற்கிறவனுக்குத் தன்னுடைய வாத்தியம் கேட்பது குதிரைக்கொம்பு. எந்தக் கோயிலிலும் இதுதான் நடப்பு.

தில்லைநாதன் ஆடினான். குனிந்தான். நிமிர்ந்தான். ஏழாவது தந்தியைப் பிடித்து உலுப்பிய உலுப்பில் சேட்டுப் பொத்தான் ஒன்று தெறித்துப் போனது. முன்வரிசையில் நல்லதம்பியர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அட கடவுளே, தலையாட்டுகிறார்!

விடிந்ததும் நல்லதம்பியர் வெற்றிலைத் தட்டோடு வீட்டுப் படலை வாசலுக்கு வந்துவிட்டார். அடுத்த வருசக் கச்சேரிக்கு இப்போதே வெற்றிலை வைத்துச் சொல்லுகிறாராம்!

"தில்லைநாதன், மற்ற வருசங்களிலை பாட்டுக்காரன் என்ன பாடுறான் எண்டே விளங்கிறதில்லை. இந்த முறை சொல்லுச் சொல்லாய் விளங்கிச்சு. நல்லாயிருந்தது. உந்தப் புதுக் கிற்றாரையே கொண்டு வாரும்."

"கேட்டீரோ? நல்லாயிருந்ததாம்!" தில்லைநாதன் கொட்டிலுக்குப் பாய்ந்து கயிற்றில் கை வைத்தான்.

சிவனேஸ்வரி பதறவே இல்லை. முற்றத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டாள். "கணபதி, நேற்று உன்ரை பெட்டியிலை அத்தான்ரை கிற்றார்ச் சத்தத் திருகியை எதிலை விட்டனி?"

"நீ சொன்ன மாதிரித்தான் அக்கா. துடக்கத்திலை இருந்து கடைசி மட்டும் பூச்சியத்திலை."

"பூச்சியமோ? டேய்! நான் வேர்த்து விறுவிறுத்து வாசிச்சது?"

"உங்களுக்கு மட்டும்தான் அத்தான். அதுவும் கேட்டிருக்காது."

"இது கள்ளப் பந்தயம்! அநியாயம்! பெண்டிலும் மச்சானும் சேர்ந்து ஒரு கலைஞன்ரை கழுத்தை அறுக்கிறதோ?"

"என்ன கள்ளம்?" என்றாள் சிவனேஸ்வரி. "ஏழாவது தந்தி வாயே திறக்கேல்லை. பிறகு அதுக்கேன் என்ரை மாடு? கிற்றாரைக் கவனமாய்த் துடைச்சு வவுனியாக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ. சிவப்பி கன்றுக்குக் கத்துது, கயிற்றை விடுங்கோ."

தில்லைநாதனுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நியாயம் கேட்க வேறு ஆள் இல்லாமல் படலைப் பக்கம் திரும்பினான்.

"ஐயா, நீங்களே சொல்லுங்கோ! ஒரு கலைஞனுக்குச் செய்யிற வேலையே இது?"

நல்லதம்பியர் நன்றாக யோசித்தார். பிறகு, வெற்றிலைத் தட்டைத் தில்லைநாதனுக்கு நேரே நீட்டியிருந்த கையைப் பக்குவமாகத் திருப்பினார்.

"தம்பி கணபதி, அடுத்த வருசமும் மைக்செற் நீர்தான் பிடிக்கவேணும்."