பதினாலு வயர்

சனிக்கிழமை காலை பல் தேய்த்த கையோடு அவர் பிரகடனம் செய்துவிட்டார்.

"இன்னிக்குக் காரை நானே சரிபண்றேன். கண்டவன் கையும் அது மேல படக் கூடாது."

தையற்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "உங்க கையும்தானே?"

அச்சகத்தில் பிழை திருத்தும் உத்தியோகம் அவருக்கு. வாரத்தில் ஐந்து நாள் ஊரார் பிழைகளைத் திருத்துவார்; மிச்ச இரண்டு நாள் சொந்தமாகச் செய்வார் என்பது அவள் கட்சி.

கார் அவரிடம் வந்து பத்தொன்பது வருஷம். முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பாக்ஸ் பாசி பிடித்த மாதிரி பச்சையாகிவிட்டது. ஒரு மூலை கருகி உருகியும் போயிருந்தது. வைப்பரைப் போட்டால் ஹார்ன் அடித்தது. பிரேக்கை மிதித்தால் ரேடியோ பாடியது.

"பேசாம எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. இல்லாட்டி பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"பழைய இரும்பா? அது காதுல விழுந்தா என்ன சொல்லும் தெரியுமா?"

"அது சொல்றதுதான் தெரு பூரா கேக்குதே!"

அவள் போனதும் காரியத்தில் இறங்கினார். புது பாக்ஸ் வாங்கி வைத்திருந்தார். பேட்டரி வயரை மறக்காமல் கழற்றினார். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. பிறகு பழைய பாக்ஸிலிருந்து பதினாலு வயரையும் உருவினார். எதிலும் அடையாளச் சீட்டு ஒட்டவில்லை. எது எங்கே என்று மனசுக்குள் படம் பிடித்து வைத்திருந்தார். நிமிரும்போது தலை டேஷ்போர்டில் ணங்கென்று இடித்தது. படம் அழிந்துவிட்டது.

மடியில் நாலு சிவப்பு, மூணு கறுப்பு. மிச்சமெல்லாம் ஒரு காலத்தில் ஏதோ நிறமாக இருந்தவை. அரைமணி நேரம் முறைத்தார். அவையும் முறைத்தன. போனை எடுத்தார்.

"உடனே வாங்க. பின்பக்கமா, யாருக்கும் தெரியாம."

"கார் முன்வாசல்லதானே சார் நிக்குது?" என்றார் எலக்ட்ரீஷியன்.

வந்தவர் கருகிய மூலையைக் கிளறி ஒரு தாளை உருவினார். "ஃபியூஸ் போன இடத்துல சாக்லேட் ஜிகினாத் தாளைச் சுத்தி வச்சது யார் சார்? இதுதான் உருக்கியிருக்கு."

"எனக்கு முன்னாடி வச்சிருந்தவர்."

"தாள்ல போன வருஷத் தேதி இருக்கே?"

அவருக்கு அப்போதுதான் இருமல் வந்தது.

இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. எலக்ட்ரீஷியனைச் சந்து வழியாக அனுப்பிவிட்டு, பானெட் கீலிலிருந்து கொஞ்சம் கிரீஸ் எடுத்துக் கன்னத்திலும் நெற்றியிலும் பூசிக்கொண்டார். பழக்கதோஷம், கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்.

மத்தியானம் வந்த மனைவி வைப்பரைப் போட்டாள். வைப்பர்தான் ஆடியது. ஹார்னை அழுத்தினாள். ஹார்ன்தான் அடித்தது.

"அடேயப்பா! நீங்களேவா?"

"பின்னே?"

"நல்லவேளை. எங்க அண்ணன் காருக்கும் இதே கோளாறாம். போன் பண்ணிட்டேன், கிளம்பிட்டார். இன்னும் பத்து நிமிஷம்."

அவர் மனசில் பதினாலு வயரும் மறுபடி மடியில் விழுந்தன. ஒரு நிமிஷம் தாங்கினார். ரெண்டாவது நிமிஷம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், சாக்லேட் தாள் உட்பட. "அண்ணனை வரவேணாம்னு சொல்லிடும்மா!"

"அண்ணன் எங்க வர்றார்? அவர் ஊர்லயே இல்லை."

"அப்போ... உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சி பூரா கிரீஸ், கை பளபளன்னு இருக்கு. மூஞ்சியாலயா ரிப்பேர் பண்ணினீங்க?"

அவர் தலை குனிந்தது. அவள் துண்டை நனைத்துக்கொண்டு வந்து அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"நிஜமாவே இரும்புக்குப் போட்டுடுவியா?"

"அதை வித்துட்டா ஞாயித்துக்கிழமையில உங்களை எங்க உட்கார வைக்கிறது?"

அவர் ஈரக் கன்னத்தோடு நிமிர்ந்தார். அவள் துண்டைப் பிழிந்தபடி சொன்னாள்:

"வாஷிங் மெஷினும் சத்தம் போடுது. அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் வர்றார். ‘நானே சரிபண்றேன்’னு சொல்றதா இருந்தா எட்டரைக்குள்ள சொல்லிடுங்க, அதுக்கப்புறம் நான் கடைக்குப் போயிடுவேன்."