மன்னரின் மென்மையான கண்கள்

மாடப்பதி என்னும் பெருநகரை ஆண்ட மன்னருக்கு மென்மையான கண்கள். குடிசையைக் கண்டால் அவை கலங்கும். ஆகவே, அரண்மனைக் கோபுரத்திலிருந்து பார்க்கையில் எந்தக் குடிசையும் தென்படலாகாது என்று சட்டம் இயற்றினார். தென்பட்டவை இடிக்கப்பட்டன, அவற்றில் வாழ்ந்தோர் அடிவானத்துக்கு அப்பால் இறக்கிவிடப்பட்டனர்.

வறுமை முற்றிலும் ஒழிந்துவிட்டதா என்று அறிய விரும்பிய மன்னர், ஆண்டுதோறும் கோபுரத்தை உயர்த்தினார். நகரத்துச் செல்வர்களுக்குக் கல் சுமந்து பழக்கமில்லை. எனவே, விரட்டப்பட்டோரே விடியுமுன் நடந்து வந்து கட்டினர். பொழுது சாய்ந்தபின் நகருக்குள் நின்றால் சிறை. கோபுரம் உயர உயர அவர்களுடைய குடிசைகள் பின்வாங்கின.

எல்லம்மா, கிழக்குக் குடியிருப்பைச் சேர்ந்த கொத்துவேலைக்காரி. சென்றமுறை குடி பெயர்க்கப்பட்டபோது, நகர மருத்துவமனை எட்டாமல் அவள் கணவன் வண்டியிலேயே இறந்தான். இப்போது அவள் மகளுக்கு நிறைமாதம்.

அன்று கோபுரத்தின் கிழக்குச் சுவரில் கல் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மரங்களுக்கு மேலே தன் குடியிருப்பின் அடுப்புப் புகை தெரிந்தது. இன்னும் ஒரு வரிசை வைத்தால் கூரையும் தெரியும். கொத்துக் கரண்டியைக் கீழே வைத்தாள். கிழக்குக்காரர் அனைவரும் வைத்தனர்.

அழகுத்துறை அமைச்சர் சினம் கொள்ளவில்லை. நாட்டின் காட்சிநலனைக் கருதாத குறுகிய மனங்களைக் குறித்து நெடுநேரம் வருந்திப் பேசிவிட்டு, மேற்குக் குடியிருப்புக் கொத்தனார் கன்னியப்பனை அழைத்தார்.

"உன் வீடு மேற்கேதானே இருக்கிறது? கிழக்குச் சுவரால் உனக்கு யாதொரு இழப்பும் இல்லை."

கன்னியப்பன் கல்லைத் தூக்கினான்.

"வேணாண்ணா," என்றாள் எல்லம்மா. "எம் பொண்ணு பிள்ளத்தாச்சி. இதுக்கும் அப்பால தள்ளுனா அவ போய்ச் சேந்துருவா."

"எனக்கு மட்டும் சோறு ஆகாசத்துலேந்தா கொட்டுது? நான் வெக்கலன்னா இன்னொருத்தன் வெப்பாம்மா."

"அப்பால மேக்கால செவுரு ஏறும்ணா. அதுக்கு யாரு வெப்பா?"

அவன் அவள் முகத்தைப் பாராமல் கல்லை வைத்தான்.

மறுநாள் கிழக்குக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. புதிய இடத்தில் மகளுக்கு வலி கண்டது. மருத்துவமனைக்குப் புறப்பட்ட வண்டி, பொழுது சாய்ந்துவிட்டதென்று நகர வாயிலில் நிறுத்தப்பட்டது. குழந்தை பிழைக்கவில்லை. அதே மாலையில் மன்னர் கிழக்கே நோக்கி, வறுமை ஒழிந்தது என்று அறிவித்தார். நகரத்தார் வாணவேடிக்கை நடத்தினர்.

அடுத்த வாரம் மேற்குச் சுவரை உயர்த்த ஆள் தேவைப்பட்டது. அமைச்சர் கிழக்குக்காரர்களைக் கூப்பிட்டார்.

எல்லம்மா கரண்டியோடு முதல் ஆளாக வந்தாள். கன்னியப்பன் படியை மறித்து நின்றான்.

"நவுருண்ணா," என்றாள்.