தங்கச்சி படிப்புக்காக நான் செத்த கதை

அன்றைக்குத் தோட்டத்து லய வரிசையில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள் அம்மா, தங்கச்சி கோகிலா, நான். மூன்று பேரும் உயிரோடுதான் இருந்தோம். அதில் பிணம் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். (பரீட்சை என்றாலே தேயிலைச் செடிக்குள் ஒளிந்துகொள்வேன்.) கோகிலா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு எங்கள் டயகமத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள் சொன்னாள்: "கிரேக்க நாடகத்துல, சங்கப் பாட்டுல, நம்ம லயத்துல, செத்தவங்களக் கூப்பிட்டுப் பொம்பளைங்க எப்படி அழுவுறாங்கன்னு ஒப்பிட்டு எழுதணும்ணே. அம்மா ஒப்பாரி சொன்னா போன்ல புடிச்சுக்குவேன். இத எழுதிக் குடுக்காட்டி பட்டம் இல்ல."

அம்மா ஒப்பாரி சொன்னால் தோட்டமே அழும். ஆனால் அப்பா போனதிலிருந்து எந்தச் சாவு வீட்டிலும் அவள் வாய் திறக்கவில்லை. கொரோனாக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவரை, பெட்டியை மூடி அங்கேயே எரித்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை.

"பொணம் இல்லாம எனக்குச் சொல்ல வராது," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பாயில் படுத்தேன். பிணத்துக்குத் தெற்கே தலை வைப்பார்கள். எமன் குழம்பிவிடக் கூடாதென்று நான் கிழக்கே வைத்தேன். அக்கம்பக்கம் கேட்டுவிடுமோ என்று கதவு, ஜன்னல் எல்லாம் நானே சாத்தியிருந்தேன். காம்பராவுக்குக் காம்பரா சுவர் கூரைவரை போவதில்லை என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அம்மா தொடங்கினாள்.

"ஆம்புலன்சு ஏறிப்போன ஐயாவே என் தொரையே,
மூடிவச்ச பெட்டிக்குள்ள மொகத்தக்கூடப் பாக்கலையே..."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அது எனக்கில்லை.

கதவு படாரென்று திறந்தது. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்காவும் பின்னால் பாதி லயமும். அக்கா என் காலைத் தொட்டார்.

"சூடாத்தான்டி இருக்கு. இப்பத்தான் போயிருக்கான்."

"நல்ல புள்ள. எதுக்கெடுத்தாலும் பயந்து பயந்தே செத்துட்டான்," என்றது வாசலில் ஒரு குரல்.

"அவன் சாகலக்கா. நடிக்கிறான்," என்றாள் கோகிலா மெதுவாக.

அக்கா திட்டத்தான் வாயெடுத்தார். அதற்குள் அம்மாவின் அடுத்த அடி வந்தது. யாருக்கான ஒப்பாரி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என் காலை விட்டுவிட்டு, போய் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்து மாரடித்தார்கள்.

எனக்கு மூக்கு அரித்தது. கால் மரத்தது. எழுந்தால் அம்மா நிறுத்திவிடுவாள் என்று பயமாக இருந்தது. அப்படியே கிடந்தேன். மூடிய கண்ணிலிருந்து வழிந்த தண்ணீரை யாரோ முந்தானையால் துடைத்தார்கள். (பிணத்துக்கு இது அழகில்லைதான்.)

கோகிலாவுக்குப் பட்டம் கிடைத்தது. அம்மா மறுபடி சாவு வீடுகளுக்குப் போகிறாள். எந்த லயத்திலிருந்து அவள் குரல் கேட்டாலும் மாரியாயி அக்கா எனக்கு போன் போட்டுவிடுவார்.

"டேய், இருக்கியா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வேன்: "இருக்கேன்க்கா."