மயிலைக்காளையும் நாற்பத்துமூன்று புத்தகங்களும்

இளம்பிள்ளை,
ஸ்ரீமுக வருஷம், மாசி 28

செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் வீற்றிருக்கும் அண்ணன் குமாரசாமி அவர்களுக்குத் தங்கை சாரதாமணி வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் மூட்டுவலியும் அண்ணியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இவ்விடம் எல்லோரும் சுகம். உங்கள் மயிலைக்காளை அளவுக்கு மீறிய சுகம். அதன் காரணம் கீழே வருகிறது.

மார்கழி முதல் தேதி நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு என் முன்னால் இருக்கிறது. "வண்டி, மாடு, வண்டிக்காரன் பொன்னன் எல்லாம் மூன்று மாசத்துக்கு உனக்கு. அதற்குள் ஒரே ஒரு புத்தகம் ஒரு நெசவாளி வீட்டு வாசற்படியைத் தாண்டினாலும் வண்டியை நீயே வைத்துக்கொள். தாண்டாவிட்டால் மாசிக் கடைசியில் மண்டிக்கு வந்துவிட வேண்டும்." பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, நாற்பத்தாறு வயதில் ஊர் ஊராய்ப் புத்தக வண்டி ஓட்டக் கிளம்பிய பி.ஏ. தங்கைக்கு இதுவே பெரிய சலுகை. பெட்டியில் நாற்பத்துமூன்று புத்தகங்கள். நீங்கள் பெரிய மனது பண்ணிக் கொடுத்த 1911-ஆம் வருஷத்து ரயில் கால அட்டவணையும் அதில் சேர்த்தி.

முதல் நாளே விபரீதம். விடியற்காலையில் இங்கே தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வைப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா? நம் தாத்தாவும் தறிக்காரர்தானே. ஆனால் எனக்கு மறந்துவிட்டது, பொன்னனுக்குத் தெரியாது, மாட்டுக்கு அக்கறை இல்லை. பொன்னன் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பொடி வாங்கப் போனான். நான் 'அமைதி காக்கவும்' என்ற பலகையை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தேன். மயிலை நேரே போய் ஒரு பானைக் கஞ்சியைக் குடித்துவிட்டு, திரும்பும்போது நெசவாளி காளியண்ணன் வீட்டுப் பாவு நூலைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அந்தத் தெருவில் அன்று அமைதி காத்தது அந்தப் பலகை மட்டும்தான்.

மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். நான் கும்பிட்டு, புத்தகம் இரவல் தருவதற்காக வந்தவள் என்றேன். கந்தம்மாள் என்று ஒருத்தி, காளியண்ணனின் பெண்டாட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க அம்மிணி, கையும் காலும் தறிக்குள்ளாற கெடக்குது. புஸ்தகத்தை எதுலீங்க புடிக்கிறது, மூக்குலயா?"

நியாயமான கேள்வி. சேலத்து நூலகக் கமிட்டி எனக்குக் கொடுத்த பதினேழு விதிகளில் இதற்குப் பதில் இல்லை.

"மறுக்கா கஞ்சி காச்சிப் பாவு கட்டோணும். மத்தியானம் ஆயிரும்," என்றார் காளியண்ணன். "அதுவரைக்கும் எங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நிப்பீங்களா? பொட்டியில இருக்கறதை எடுத்துப் படியுங்க."

ஆக, அபராதமாகத்தான் வாசிப்பு ஆரம்பித்தது அண்ணா. ஐந்து பாகத் துப்பறியும் நாவல். ஜமீன்தாரின் வைரமாலை காணாமல் போகிறது. அவர்கள் பாவின் இரண்டு பக்கமும் பிரஷ்ஷோடு நடக்க, நானும் கூடவே நடந்துகொண்டு உரக்கப் படித்தேன். மறுநாளும் வரச் சொன்னார்கள். அதற்கு மறுநாள் சொல்லவேயில்லை, கஞ்சியோடு காத்திருந்தார்கள். மயிலைக்கும் தனியாக ஒரு பானை வைத்தார்கள். அது இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி மாதிரி இருக்கிறது.

இதிலும் கஷ்டம் வந்தது. மாலை காணாமல் போன இடத்தில் எல்லோரும் பிரஷ்ஷைத் தூக்கியபடி நின்றுவிட, கஞ்சி திட்டுத் திட்டாய்க் காய்ந்து நூல் விறைத்துவிட்டது. "திருடனைச் சீக்கிரம் புடிங்க அம்மிணி, பாவு தொடப்பக்குச்சியாட்ட ஆயிருச்சு" என்று காளியண்ணன் கத்தினார். அதிலிருந்து ஒரு முறை வகுத்தோம்: கஞ்சி ஈரமாக இருக்கும்போது அழுகைக் கட்டம், காய்ந்த பிறகு கொலை. கல்லூரியில் நான் கண்ணீர் மல்க ரசித்த மாதிரியான நிலா வர்ணனை ஒன்று, கதாநாயகியைப் பாதியில் விட்டுவிட்டு, மூன்று பக்கத்துக்கு வந்தது. "நெலா எங்கீங்க போயிரப் போவுது? அந்தப் புள்ள என்ன ஆனா?" என்றாள் கந்தம்மாள். இருபது வருஷம் பாடம் நடத்தியும் எனக்குத் தோன்றாத கேள்வி. வாசிப்பு என்றால் ஓர் ஆள், ஒரு விளக்கு, சாத்திய கதவு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தக் கதவை என் பக்கத்திலிருந்து நானேதான் சாத்தி வைத்திருக்கிறேன் போல.

ஆனால் பந்தயம் பந்தயம்தான். நாலு பாகம் முடிந்துவிட்டது. வாசற்படியை ஒரு புத்தகமும் தாண்டவில்லை. இரவல் பதிவேடு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. உங்கள் தங்கை தோற்றாள் என்று ஒப்புக்கொள்கிறேன். நாளைக் காலை வண்டியும் மாடும் மண்டிக்கு வந்து சேரும். கஞ்சி கேட்டால் கொடுக்கவும்.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைகள் நூறு வயது வாழட்டும். அதில் கொஞ்சமாவது படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
சாரதாமணி

பின்குறிப்பு: நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுக் கந்தம்மாள், "அதையுந்தான் படியுங்களேன்" என்றாள். பழக்க தோஷம், தெருவில் நின்று உரக்கப் படித்துவிட்டேன். மாடு குடித்தது அரைப் பானைதான் என்று காளியண்ணன் திருத்தம் சொன்னார். கந்தம்மாள் எழுந்து பெட்டியைத் திறந்து ஐந்தாம் பாகத்தை எடுத்தாள். "இது எங்கூட்டு அரிசிப் பானைக்குள்ள இருக்கும். திருடன் ஆருன்னு தெரியாம வண்டி எப்படி நகருதுன்னு பாக்கறேன்" என்று சொல்லி, பதிவேட்டில் தானாகவே கைநாட்டு வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். சீட்டை மறுபடி படித்துப் பார்த்தேன் அண்ணா. வாசற்படியைத் தாண்ட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், படிக்க வேண்டும் என்று இல்லை. ஆகவே வண்டி வராது. பொன்னன் நடந்து வருகிறான். பெட்டியில் மிஞ்சிய ஒரே புத்தகத்தை அவனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ரயில் கால அட்டவணை.