டோபமைன்காரர் கையில் ஒரு குப்பி

டோபமைன்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். காப்பி குடித்துச் சிரித்தால் டோபமைன் என்ற மூளை ரசாயனம், பேருந்தை விட்டுவிட்டு முகம் வாடினால் டோபமைன் குறைச்சல், பக்கத்து வீட்டு நாய் வாலாட்டினால் அதற்கும் மூளைக்குள்ளிருந்து ஒரு காரணம் எடுத்து நீட்டுவார். நாய்க்கு அவரைப் பிடித்திருக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றாது.

எங்கள் ஓஸ்லோ ஆய்வுக்கூடத்தில் இந்த இனத்தின் தலைமகன் ஹல்வார். ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் கூடி வாஃபிள் என்ற கட்டம்போட்ட அப்பம் சுடும் நேரம். முனைவர் பட்ட மாணவி இங்வில்லுக்கு ஒரே ஒரு சோதனை பாக்கி. உப்புநீரில் உயிரோடு கிடக்கும் எலி மூளைச் சீவலில் நரம்பணுக்களைத் தூண்டி, அந்த நேரத்தில் டோபமைன் கொடுத்தால் அவற்றின் பிணைப்பு இறுகி மணிக்கணக்கில் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீவல் மாலைவரைதான் தாங்கும். திங்களன்று ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். டோபமைன் கரைத்து அலுமினியத் தாள் சுற்றிய குப்பியை ஹல்வாரிடம் நீட்டினாள்.

"திரையில கோடு ஆடாம நிக்கட்டும், ஹல்வார். நான் கேட்டதும் கொடு. தொறக்காத."

வாஃபிள் தட்டோடு வந்த அலுவலகப் பெண் சும்மா இருந்திருக்கலாம். "அதுல என்ன?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்கலாமா? தாளை உரித்தார், மூடியைக் கழற்றினார், குப்பியை வெளிச்சத்தில் உயர்த்தினார். பேச்சு காதலில் தொடங்கி, சூதாட்டத்தில் நுழைந்து, பனிச்சறுக்கில் இறங்கி, வாஃபிள்மேல் வைக்கும் பழுப்புச் சீஸில் வந்து நின்றபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. வெளிச்சமும் காற்றும் பட்டால் டோபமைன் கெட்டுவிடும். அவருக்குத் தெரியாதா? எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

இங்வில் கை நீட்டினாள். குப்பிக்குள் தண்ணீர்போல் இருந்தது இளஞ்சிவப்பாகியிருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"இப்ப உனக்கு வருதே கோபம், அது டோபமைன் இல்ல, நார்அட்ரினலின்..."

"இன்னொரு வார்த்தை பேசினே, இந்த வாஃபிளை வாயில திணிச்சிருவேன்."

திணித்தும் விட்டாள். டோபமைன் பொடிப் புட்டியின் அடியைச் சுரண்டியதில் ஒரு தடவைக்குத் தேறியது. அவள் புதிதாகக் கரைத்துக் கொடுத்தாள். நாங்கள் மூன்று மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறிய கோடு இறங்கவே இல்லை; பிணைப்பு நிலைத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இங்வில் எல்லாரையும் கட்டிக்கொண்டாள், ஹல்வாரையும்தான்.

"பாத்தியா, இந்தச் சந்தோஷம் இருக்கே..."

"ஹல்வார்."

மிச்சமிருந்த வாஃபிளை எடுத்துத் தன் வாயில் தானே திணித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் வெளிச்சம் பட்டால் டோபமைன் கெட்டுவிடும் என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்ல உங்கள் நாக்கு துடிக்கிறதே, அது எதனால்? சொல்லுங்கள், தாராளமாக. கையில் யாருடைய குப்பியாவது இருந்தால் மட்டும் முதலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.