பச்சைத் தொப்பியும் பழுதான கடைவாய்ப் பல்லும்

லிஃப்டுகளின் ஏற்ற இறக்கங்களை எல்லாம் கட்டி ஆள்பவனும், ஒரு பெண்ணோடு பேச வேண்டி வந்தால் மட்டும் நடுமாடியில் நின்றுபோகிறவனும், என் அக்காள் பெற்ற ஒரே சொத்துமாகிய மருமகப்பிள்ளைக்கு, உன் தாய்மாமன் இடது கன்னத்தை இடது கையால் தாங்கிக்கொண்டு வலது கையால் வரைவது. நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கு வரவேண்டிய வலியெல்லாம் எனக்கு வந்துவிட்டது. உன் அத்தை நலம். திரைச்சீலைக் கடை நலம். நான் மட்டும் ஊசி போட்டு வாய் மரத்துக் கிடக்கிறேன். போனில் பேசினால் எருமை தண்ணீர் குடிக்கிற சத்தம்தான் உனக்குக் கேட்கும். அதனால்தான் பேனா. எழுதி முடித்த கையோடு உன் அத்தையே இதைக் கொண்டுவந்து தருவாள்.

நீ என்னிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு காரியம். மூன்றாவது மாடிப் பல் டாக்டரம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டதும், நீ வெளியே நின்று கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டே "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்றதும், அவர் உள்ளேயிருந்து "நான் பயப்படலைங்க, உங்க குரல்தான் நடுங்குது" என்றதும், அன்றிலிருந்து நீ சோற்றைப் போட்டால் சுவரைப் பார்ப்பதும் இந்த உலகமே அறிந்த கதை. "மாமா, என்கூட உக்காந்து பேச அவங்களுக்கு இஷ்டமான்னு நாசூக்கா கேட்டுட்டு வாங்க" என்று கெஞ்சினாய். நாசூக்கு என்பது என் கூடப் பிறந்தது. உன் அம்மாவுக்குப் பங்கு வைப்பதற்குள் தீர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

சும்மா போய் நின்றால் சந்தேகம் வருமே என்று, பல்வலிக்காரனாக வேஷம் கட்டிக்கொண்டு போனேன். என் பற்களைப் பற்றி நீ அறிவாய். கரும்பு ஆலைக்காரர்கள் பார்த்தால் மாதச் சம்பளத்துக்கு அழைத்துப் போவார்கள். நாற்காலியில் சாய்த்து, "எது வலிக்குது சார்?" என்று கேட்டார். வாய்க்கு வந்த பல்லைக் காட்டினேன். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்லு மாதிரி இருக்கு. ஆனா பக்கத்துல இருக்கே, அது உள்ளுக்குள்ள குடோன் மாதிரி காலியா இருக்கு. எப்படி சார் இத்தனை நாள் தாங்குனீங்க?" என்றார். பொய் சொல்லப் போன வாயில் உண்மை சொத்தையாகக் கிடந்தது. ஒரு தடவையில் முடியாது, ரூட் கேனல் பண்ணணும், நாலைந்து தடவை வரணும் என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், நான் மடியில் வைத்திருந்த தொப்பியைப் பார்த்துவிட்டார்.

பெண்கள் சர்வதேசக் கால்பந்துப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து நான் கடைத்துணியில் தைத்துப் போட்டுக்கொண்ட பச்சைத் தொப்பி அது. பச்சை அணியின் கோல்கீப்பர் தன் ஆட்களை அதட்டுகிற அதட்டலில் உன் அம்மாவின் குரல் அப்படியே இருப்பதால், பயபக்தியோடு அந்த அணியில் சேர்ந்தவன் நான். அப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறேன்: விளக்குத் தண்டில் மஞ்சள் ரிப்பன், அலமாரியில் மஞ்சள் கொடி, அந்த அம்மாள் காலில் மஞ்சள் செருப்பு. "ஓ, நீங்க அந்தக் கோஷ்டியா!" என்றார். நாற்காலி சர்ரென்று பாதாளம் வரை இறங்கியது.

அன்று ஆரம்பித்தது மருமகனே, சரித்திரம் காணாத யுத்தம். எந்த யுத்தத்திலும் ஒரு பக்கத்தான் வாயில் பஞ்சை அடைத்து, குழாயை மாட்டி, பிறகு எதிர்ப்பக்கத்தான் பேசத் தொடங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. "நேத்து உங்க கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க வந்தாங்களா, அதுக்கு வழி விட வந்தாங்களா அங்கிள்?" (முதல் நாள் சார், இரண்டாம் நாளே அங்கிள்!) நான் ஆவேசமாக "ஆ... ஆ..." என்றால், "ஆமான்னு அவரே ஒத்துக்கிட்டார், எழுதிக்கோங்கக்கா" என்று வெளியே டோக்கன் கொடுக்கிற அக்காவுக்குக் குரல் கொடுப்பார். அந்த டோக்கன் அக்காவும் மஞ்சள்தான். பச்சை தோற்கிற மாதிரி ஆடிய மறுநாளாகப் பார்த்து எனக்கு முதல் டோக்கன் தருகிறவள். விடுவேனா? வீட்டிலேயே யோசித்து, பதில்களைப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி எடுத்துப்போனேன். அவர் வாயைத் திறக்கச் சொன்னதும், நெஞ்சின்மேல் முதல் தாளைத் தூக்கிப் பிடித்தேன்: "உங்கள் கேப்டன் கோல் அடித்தது சரி, எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா?" கண்ணாடிக்குப் பின்னால் அவருக்குக் கண்ணில் நீர் முட்டச் சிரிப்பு. ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்து முடித்துவிட்டு வந்தார்.

ஒருநாள் நோயாளிகள் காத்திருக்கிற ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர், "பொம்பளைங்க ஆடுறதுக்குப் போயி இவ்வளவு சண்டையா?" என்றார். நான் திரும்பினேன், டாக்டரம்மாவும் திரும்பினார். "அந்தப் பொண்ணு தொண்ணூறு நிமிஷம் ஓடுறா, நீங்க மூணு மாடி ஏறி வந்துட்டு முக்கால் மணி நேரம் மூச்சு வாங்குனீங்களே!" என்று நான். "உங்களுக்கு ஒரு பல்லுதான் பிடுங்கணும்னு நினைச்சேன், இப்ப ரெண்டாத் தெரியுது" என்று அவர். அந்த ஒரு நிமிடம் நாங்கள் ஒரே அணி. அப்போதே உன் விஷயத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் ஹால் டிவியில் பச்சைக்கு ஒரு கார்னர் கிடைத்துவிட்டது. கடமை அழைத்தது.

இப்படியே இரண்டு அணியும் எல்லாரையும் மிதித்துத் தள்ளிவிட்டு ஃபைனலுக்கு வந்து சேர்ந்தன. பல்லுக்குத் தற்காலிகத் தொப்பி மாட்டிய அன்றுதான் துணிந்து வாயைத் திறந்தேன். லிஃப்ட் மெக்கானிக் என் மருமகன், தங்கமான பையன், பேச ஆசைப்படுகிறான், உங்களுக்கு எப்படி என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்காகவா அங்கிள் ஒரு பல்லையே கொண்டுவந்து குடுத்தீங்க?" என்றார். "திங்கக்கிழமை காலையில மேல்படிப்புக்கு வெளியூர் கிளம்புறேன், வர ரெண்டு வருஷம் ஆகும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃபைனல். எங்க டீம் ஜெயிச்சா நல்ல மூடுல இருப்பேன், அப்பக் கேளுங்க, பதில் சொல்றேன். தோத்தா நான் யார்கூடவும் பேச மாட்டேன், எங்க அப்பாகூடவே பேச மாட்டேன்" என்றார்.

என் நிலைமையை நினைத்துப் பார். பச்சை ஜெயித்தால் என் மருமகன் அம்போ. மஞ்சள் ஜெயித்தால் என் மானம் அம்போ. முடிவு செய்தேன். பச்சைத் தொப்பிக்குள்ளே மஞ்சள் மனத்தோடு போய் இன்று அந்த ஹாலில் உட்கார்ந்தேன். பாதிப்பேர் கன்னம் வீங்கிய நோயாளிகள். ஒரு பக்க வாயால் எழுப்பப்பட்ட கோஷங்களை நீ கேட்டிருக்க வேண்டும். தோற்றுத் தொலையுங்களடி தாய்களா என்று சகல தெய்வங்களையும் வேண்டினேன். இந்தப் போட்டி முழுக்கச் சாக்கடையில் விழுந்த பந்தைத் தேடுகிறவர்கள் மாதிரி ஆடிய என் பச்சைப் பெண்கள், இன்றைக்கென்று பார்த்துத் தேவலோகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரி ஆடித் தொலைத்தார்கள்! முதல் கோல் பச்சை. நான் தலையில் கை வைத்தேன். "பாவம், பல்லு வலிக்குது போல" என்று டோக்கன் அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டாம் பாதியில் மஞ்சள் திருப்பி அடித்தது. நான் துள்ளி எழுந்து தண்ணீர் கேனைக் கட்டிப்பிடித்தேன். டாக்டரம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்: "அங்கிள், அது எங்க கோலு." "நல்ல ஆட்டத்தை யாரு ஆடினாலும் ரசிக்கணும்மா" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு கேவலமாகப் பொய் சொன்னதில்லை.

கடைசி நிமிடம். பச்சைக்கு பெனால்டி. எங்கள் நெட்டைக்காரி, அந்த ஒன்பதாம் நம்பர், பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே அடி, வெளியே அடி, கம்பத்தில் அடி, என் மருமகன் வாழ்க்கையில் மட்டும் அடிக்காதே. ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். வலையின் மேல் மூலையில், சிலந்தி கட்டிய கூட்டைப் பிய்த்துக்கொண்டு போய் விழுந்தது பந்து.

மருமகனே, மறைக்க மாட்டேன். அந்த நொடியில் நீ யார், உன் அம்மா யார், நான் எதற்கு வந்தேன், ஒன்றும் நினைவில்லை. என் உடம்பு தானாக எழுந்தது. மேஜைமேல் ஏறி நின்று மாடி மூன்றும் அதிரக் கத்தினேன். கத்திய கத்தலில் பல்லின் தற்காலிகத் தொப்பி கழன்று பறந்து மீன் தொட்டிக்குள் விழுந்தது. டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, புதுக் கையுறையைப் பட்டென்று மாட்டிக்கொண்டு, உள்ளே வா என்று தலையை அசைத்தார். பலியாடு போல் போனேன்.

ஊசி போட்டார், பஞ்சை அடைத்தார், குழாயை மாட்டினார். அப்புறம் சொன்னார்: "தோத்தா பேச மாட்டேன்னு சொன்னேன்ல? உங்ககூடப் பேசலை. இப்ப இந்தப் பல்லுகிட்டப் பேசறேன்." நான் தலையாட்டப் போனேன். "ஆடாதீங்க. மூணு வாரமா என்கூட மல்லுக்கு நின்ன மனுஷன், இன்னிக்கு மருமகனுக்காகத் தன் டீமே தோக்கணும்னு வேண்டுனதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்த மாதிரி மாமா யாருக்குக் கிடைக்கும்? ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. கேக்க வேண்டியவர் வாய்லயும் பஞ்சா வெச்சிருக்கு? ஏழு மணி வரைக்கும் இங்க பெட்டி கட்டிக்கிட்டு இருப்பேன். அவரே வந்து கேக்கட்டும்."

ஆகவே, மருமகனே, ஒரு நொடியும் தாமதிக்காதே. இப்போது ஆறே முக்கால். என் மூன்று ஆணைகளை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள். முதலாவதாக, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போ; இல்லாவிட்டால் என் கடையிலிருந்து மஞ்சள் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டாவது போ. இரண்டாவதாக, மஞ்சள் அணியின் பதினோரு பேர் பெயரையும் போகிற வழியில் உருப்போட்டுக்கொள், நடுவர் குருடன் என்று இரண்டு தடவை சொல். மூன்றாவதாக, அந்த பெனால்டியைப் பற்றி மூச்சு விடாதே, எனக்கும் உனக்கும் உறவே இல்லை என்று வேண்டுமானாலும் சத்தியம் செய்.

உன் வாய் திறக்கட்டும், நா பிறழாமல் இருக்கட்டும், தொட்ட கதவெல்லாம் திறக்கட்டும் என்று பச்சை அணியின் சார்பாகவும், பல்லில் மிச்சமிருக்கும் வேரின் சார்பாகவும் வாழ்த்துகிறேன். அக்காவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே.

இப்படிக்கு,
உனக்காகக் கோப்பையையே துறக்கத் துணிந்த,
தாய்மாமன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூட நம்பி எதுவும் செய்துவிடாதே. நான் முதல் பக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, வந்ததும் நான் சைகையில் சொன்னதை வைத்து உன் அத்தை, "இவர் எழுதி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணு படிப்பையே முடிச்சிட்டு வந்துடும்" என்று உனக்குப் போன் போட்டு, "எந்திரிச்சுப் போடா" என்று இரண்டே வார்த்தை சொல்லி வைத்துவிட்டாளாம். நீயும் கிரீஸ் படிந்த சட்டையோடு போய் நின்றாயாம். டோக்கன் அக்கா இப்போதுதான் போனில் சொல்லிச் சிரித்தாள். டாக்டரம்மா கண்கலங்கி உட்கார்ந்திருந்தாராம். "மேட்ச் பாத்தீங்களா?" என்று கேட்டாராம். அதற்கு நீ, "இன்னிக்கு மேட்ச்சா? என்ன மேட்ச்சுங்க?" என்றாயாமே! அடப்பாவி! அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, இன்னிக்கு என்கிட்ட அதைப் பத்திப் பேசாத ஒரே ஆளு நீங்கதான், வாங்க காபி சாப்பிடலாம்" என்று பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாராம். இனிமேல் யாருக்காவது தூது அனுப்புவதாக இருந்தால், என்னை அனுப்பாதே. உன்னை மாதிரி ஒரு மண்ணாந்தையாகப் பார்த்து அனுப்பு.